சோலை என்பது ஒரு கணக்கு

'ஓயசிஸ்' என்பதைத் தமிழில் 'பாலைவனச் சோலை' என்று எழுதிப் பழகிவிட்டோம். 1981இல் அந்தப் பெயரில் ஒரு சினிமாவும் வந்துபோனதால் சொல் இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு கதையாடல் ஒளிந்து கிடக்கிறது. சுற்றிலும் ஒன்றுமில்லாத மணல், நடுவே யாரோ தவறவிட்டுப் போன மாதிரிக் கொஞ்சம் பச்சை, தாகத்தோடு வந்துசேரும் ஒரு பிரயாணி, அவனுக்காகவே காத்துக்கிடக்கும் ஓர் ஊற்று. இந்தச் சித்திரத்தில் மரம் நட்டவன் கிடையாது, வாய்க்கால் வெட்டியவன் கிடையாது, தண்ணீருக்கு வரி கட்டியவனும் கிடையாது. இயற்கை கொடுத்தது, பிரயாணி குடித்தான், அவ்வளவுதான். உழைப்பை அழித்துவிட்டு விளைச்சலை மட்டும் காட்டுகிற எல்லாச் சித்திரங்களையும் போல இதுவும் யாருக்கோ வசதியானது.

நம்முடைய மரபு இந்த விஷயத்தில் கொஞ்சம் உஷாராகவே இருந்திருக்கிறது. சிலப்பதிகாரம் பாலையைத் தனியொரு நிலமாக வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து அடைகிற ஒரு நிலைமையாக வைக்கிறது. பாலை என்பது இடமல்ல, இடத்துக்கு நேர்வது. இந்த வாசிப்பை அப்படியே திருப்பிப் போட்டால் ஓயசிஸையும் புரிந்துகொள்ளலாம். அதுவும் இடமல்ல. ஓர் இடத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் செய்து நிறுத்திவைக்கப்படுகிற ஒரு நிலைமை. கைவிட்டால் சில வருஷங்களில் போய்விடும். 2019 நவம்பரில், பேரீச்சை அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், துனிசியாவின் தென்மேற்கில் தோஸர், நெஃப்தா, ஜெம்னா ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றி வந்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இது பயணக்கட்டுரை இல்லை. ஒட்டகம், அஸ்தமனம் வேண்டுபவர்களுக்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். தோஸருக்குத் தென்கிழக்கே 'ஷோத் எல் ஜெரித்' என்கிற உப்புச் சமவெளி, சுமார் 5000 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மற்ற நாளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக உப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதன் வடமேற்கு ஓரத்தில் தோஸர், அங்கிருந்து மேற்கே இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் நெஃப்தா, அதற்கப்புறம் அல்ஜீரிய எல்லை. உப்புச் சமவெளியின் குறுக்கே போட்ட சாலையில் கடந்து போனால் எதிர்க்கரையில் கெபிலி. கெபிலிக்கும் தூஸுக்கும் நடுவில் ஜெம்னா. அதற்குத் தெற்கே மணற்குன்றுகள், சஹாரா.

தோப்புக்குள் நுழைந்தவுடனே 'சோலை' என்ற சொல் உதவாது என்பது தெரிந்துவிடுகிறது. ஜெரித் வட்டாரத்து மக்கள் தங்கள் பேரீச்சந்தோப்பை 'காபா' என்கிறார்கள். அரபியில் காடு என்று அர்த்தம். ஆனால் காட்டுக்குரிய ஒரு குணமும் அதில் இல்லை. மூன்று அடுக்கு. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, பாதாம் வகையறா, அதற்கும் கீழே பாத்தி கட்டிய வெங்காயம், கேரட், குதிரைமசால். மேலடுக்கு இல்லையென்றால் கீழடுக்குகள் ஒரே கோடையில் கருகிவிடும். மேலடுக்குக்கோ மனிதக் கை இல்லாமல் காய்ப்பு கிடையாது. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பி விட்டால் காய்ப்பு சொற்பம். அதனால் வசந்த காலத்தில் ஆண் பாளையை வெட்டியெடுத்து, ஒவ்வொரு பெண் மரத்திலும் ஏறி, ஒவ்வொரு பாளைக்குள்ளும் ஆண் பூச்சரத்தைச் செருகிக் கட்ட வேண்டும். அப்புறம் குலைகளைத் தாங்கிக் கட்ட ஒரு ஏற்றம், மழைக்கும் பூச்சிக்கும் உறை போட ஒரு ஏற்றம், அறுவடைக்கு ஒரு ஏற்றம், காய்ந்த மட்டை கழிக்க இன்னொன்று. எனக்குத் தோப்பைச் சுற்றிக்காட்டியவர் அறுபதை எட்டிய கூலித் தொழிலாளி. இடுப்பில் கயிறு இல்லாமல் ஏறினார். "அண்ணே, மரம் எங்களை வெச்சிருக்கா, நாங்க மரத்தை வெச்சிருக்கோமான்னு சொல்ல முடியாது" என்று அவர் சொன்னதாக, கூட வந்த நெஃப்தா பள்ளி ஆசிரியர் மொழிபெயர்த்தார். கொஞ்சம் அழகாகவே மொழிபெயர்த்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அங்கே 'லக்மி' என்று ஒரு பானம். மரத்தின் உச்சிக் குருத்தைச் சீவி வடிக்கிற சாறு. காலையில் தித்திக்கும், சாயங்காலத்துக்குள் புளித்து, குடித்தவனை ஆட்டிவைக்கும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் ஒரு பகல்தான் என்பது நமக்குப் புதிசில்லை. வித்தியாசம் என்னவென்றால், நம் பனையேறி பாளையைச் சீவுகிறான், மரம் பிழைத்துக் கிடக்கிறது. அங்கே உச்சியையே சீவுவதால் பார்த்துச் செய்யாவிட்டால் மரம் செத்துப்போகும். அதனால் வயசான, காய்க்காத மரத்தில்தான் பெரும்பாலும் கை வைக்கிறார்கள். இதைச் சொல்லக் காரணம், மரமேறுகிறவனுடைய உடம்பில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதற்காக. எந்த மரம், எந்த வயசு, எவ்வளவு எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும். எழுதப்படாத இந்தக் கணக்கின் மேல்தான் எழுதப்பட்ட மற்றக் கணக்குகள் நிற்கின்றன.

எழுதப்பட்ட கணக்கு என்றால் தண்ணீர்.

பதினோராம் நூற்றாண்டில் கோர்டோபாவில் இருந்த அல் பக்ரி என்ற புவியியல் எழுத்தாளர் தோஸரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்பெயினை விட்டு அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை. வியாபாரிகளிடமும் பழைய ஏடுகளிலும் கேட்டறிந்து 1068இல் எழுதி முடித்த நூல் அது. அதில் அவர் தோஸரின் நீர் மூன்று ஆறுகளாகப் பிரிவதையும், ஒவ்வொன்றும் ஆறு வாய்க்கால்களாவதையும், நேரத்தை அளக்கும் 'காதூஸ்' என்ற பாத்திரத்தையும் விவரிக்கிறார். அடியில் சின்ன ஓட்டை போட்ட பாத்திரம். நீர் நிரப்பித் தொங்கவிட்டால் முழுக்க ஒழுகித் தீரும் நேரம் ஒரு காதூஸ். ஒரு முழு நாளைக்கு 192 காதூஸ். நம் கடிகாரத்தில் ஏழரை நிமிஷம். அந்த ஏழரை நிமிஷம் வாங்கப்பட்டது, விற்கப்பட்டது, வாரிசுகளுக்குள் பிரிக்கப்பட்டது, அதற்கு வரி கட்டப்பட்டது. பெரும்பாலான நாட்களில் ஆயிரம் ஒட்டகச் சுமை பேரீச்சை ஊரை விட்டு வெளியே போனதாகவும் அவர் எழுதுகிறார்.

போகாதவர் தண்ணீர்க் கணக்கை எழுதினார். போனவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆந்த்ரே ஜீத் 1893 முதல் வட ஆப்பிரிக்காவில் அலைந்தவர். அல்ஜீரியாவின் பிஸ்க்ரா என்ற ஓயசிஸ் நகரம் அவருடைய 1902ஆம் வருஷ நாவலான 'ஒழுக்கமிலி'யில் மையமான இடம். அங்கே தோட்டங்கள் ஓர் ஐரோப்பியனின் உடம்பு குணமாகி, ஆசை விழித்துக்கொள்வதற்கான பின்திரை. தண்ணீர் வருகிறது, சலசலக்கிறது. யாருடைய தண்ணீர், எத்தனை நிமிஷம் என்ற கேள்வி பிரதிக்குள் எழுவதில்லை. ஜீத் காலனியத்தை ஆதரித்த ஆள் என்று சொல்லவரவில்லை. பிற்பாடு காங்கோ போய்வந்து காலனியக் கொடுமைகளை எதிர்த்து எழுதியவர் அவரே. எட்வர்ட் சைத் காட்டிக் கொடுத்ததும் தனிமனிதரின் கெட்ட எண்ணத்தை அல்ல. எது பேசத்தக்கதாகிறது, எது பின்திரையாகிறது என்பதைத் தீர்மானிக்கிற சொல்லாடலைத்தான். இஸபெல் எபர்ஹார்ட் மாதிரி ஆண் உடையில், அரபி பேசி, உள்ளே போய் வாழ்ந்தவர்களுக்கும் இந்தப் பின்திரையிலிருந்து முழுசாகத் தப்ப முடிந்ததில்லை. அவர் 1904 அக்டோபரில் ஐன் ஸெஃப்ராவில், பாலைவனத்து ஊரில், திடீர் வெள்ளத்தில் மூழ்கி 27 வயதில் இறந்தார். வறட்சி மட்டுமே பாலைவனம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

சினிமாக்காரர்கள் இந்தக் காரியத்தை இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள். 1976இல் ஷோத் எல் ஜெரிதில் 'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் எடுத்தார்கள். 1997இல் நெஃப்தாவுக்கு வடக்கே ஓங் ஜெமல் பக்கம் அடுத்த வரிசைக்காக ஒரு முழு ஊரையே கட்டிவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். துனிசியாவின் தென்கிழக்கிலுள்ள தத்தாவீன் என்ற நிஜ ஊரின் பெயர் வேற்றுக் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று சுற்றுலாக்காரர்கள் பணம் கொடுத்து ஜீப்பில் போய்ப் பார்ப்பது தோப்பை அல்ல, சினிமாக்காரன் கட்டிய பொய் ஊரை. அங்கே நின்ற ஒரு பையன் என்னிடம் பாலைவன ரோஜா என்கிற ஜிப்சக் கல்லை விற்கப் பார்த்தான். அவன் அப்பா தோப்பில் கூலி. பையனுக்குத் தோப்பில் விருப்பமில்லை. "அங்க என்ன இருக்கு, ஏறணும் இறங்கணும்" என்றான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது!

திரும்பவும் தண்ணீருக்கு வருவோம். தோஸரின் நீர்ப்பங்கீட்டு முறையை உருவாக்கியவர் என்று 13ஆம் நூற்றாண்டுக்காரரான இப்னு ஷப்பாத் என்ற அறிஞரைச் சொல்கிறார்கள். அல் பக்ரி இருநூறு வருஷம் முன்னாலேயே ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததை எழுதியிருக்கும்போது இவர் உருவாக்கியதாகச் சொல்வது எப்படி? ஏற்கெனவே உழவர்கள் கையில் ஓடிக்கொண்டிருந்ததை அவர் முறைப்படுத்தி எழுதினார் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம். உழைப்பவர்களின் கூட்டறிவு ஒரு பண்டிதரின் பெயரில் பதிவாவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முறை என்னவென்றால், பேரீச்சந்தண்டுகளைக் குறுக்கே போட்டு, அவற்றில் அளந்து வெட்டிய பள்ளங்கள் வழியாக ஓடையைப் பிரிப்பது. பள்ளத்தின் அகலம்தான் பங்கு. நம் ஊர்களில் மடையில் கல் வைத்து முறை பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்பாடு நுட்பமானது, ஆகவே சமத்துவமானது என்று நம் தோழர்கள் சிலர் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். காலனியத்துக்கு முந்திய எதையும் பொற்காலமாக்கிப் பார்க்கிற சுகம் அது. சஹாராவின் பல ஓயசிஸ்களில், மொராக்கோவின் ஃபிகிக்கிலும் அல்ஜீரியாவின் துவாத்திலும், தண்ணீர் நிலத்தை விட்டுப் பிரிந்த தனி உடைமை. நிலமில்லாதவனிடம் நீர் இருக்கலாம், நிலமுள்ளவன் நீருக்குக் கடன்படலாம். துல்லியமாக அளக்கத் தெரிந்த இடத்தில் துல்லியமாகச் சுரண்டவும் தெரியும். 192 காதூஸில் எத்தனை யாருக்கு என்பதைத் தீர்மானித்தது பாத்திரத்தின் ஓட்டை அல்ல.

மரத்தில் ஏறியவன் யார்? 'கம்மாஸ்' என்று ஒரு சொல். அரபியில் ஐந்து என்ற எண்ணிலிருந்து வருவது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு உழைக்கிற குத்தகையாளன். நிலம், நீர், விதை, மாடு எல்லாம் முதலாளியுடையது. உடம்பு மட்டும் இவனுடையது. ஆகவே ஐந்தில் ஒன்று. பேரீச்சைத் தோப்புகளில் அந்த ஒன்றும் பல சமயம் குறைந்துபோயிருக்கிறது. இவர்களில் கணிசமானவர்கள் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். துனிசியா 1846இல் அகமது பே காலத்தில் அடிமை முறையை ஒழித்தது. பிரான்ஸ் தன் காலனிகளில் ஒழித்ததற்கு இரண்டு வருஷம் முன்னால். பெருமைப்பட வேண்டிய விஷயம், அங்கே பெருமைப்படுகிறார்கள். ஆனால் 1874இல் சீர்திருத்தவாதி என்று பாடப் புத்தகங்கள் கொண்டாடும் கைரெத்தின் பிரதம மந்திரியாக இருந்து ஒரு கம்மாஸ் சட்டம் கொண்டுவந்தார். கடனை அடைக்காத கம்மாஸ் முதலாளியை விட்டுப் போகக் கூடாது. அடிமை விலங்கைக் கழற்றிக் கணக்குப் புத்தகத்தில் கட்டியாயிற்று. கைரெத்தினே சிறுவயதில் காக்கேசியாவிலிருந்து அடிமையாக விற்கப்பட்டு வந்தவர் என்பது வரலாற்றின் குரூரமான ஹாஸ்யம். 2018இல் துனிசியா இனப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டது. 2023 பிப்ரவரியில் அதே நாட்டின் ஜனாதிபதி, தெற்கிலிருந்து வரும் கறுப்பின அகதிகள் நாட்டின் மக்கள்தொகை அமைப்பையே மாற்றச் சதி செய்வதாகப் பேச, தெருவில் அடிதடி நடந்தது. இதையெல்லாம் ஒட்டித்தான் தோப்பின் நிழலைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1881இல் பிரெஞ்சுக்காரர்கள் 'பாதுகாவல்' என்ற பெயரில் வந்து உட்கார்ந்தார்கள். 1885இல் இரண்டு காகிதங்கள். ஒன்று ஜூலையில் நிலப் பதிவுச் சட்டம், இன்னொன்று செப்டம்பரில் நீர்நிலைகளை எல்லாம் அரசின் பொதுச் சொத்து என அறிவித்த ஆணை. ஏற்கெனவே அனுபவித்துவந்த உரிமைகளை மதிப்பதாக ஒரு வாசகம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் உரிமையின் இலக்கணமே மாறிவிட்டது. அதுவரை தண்ணீர் ஒரு உறவு. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எதற்குப் பதிலாக என்பது. இனி அது ஒரு பொருள். அரசு வைத்திருக்கிறது, அரசு தருகிறது. இதோடு ஆழ்துளைத் தொழில்நுட்பம் சேர்ந்தது. 1856லேயே அல்ஜீரியாவின் ரிக் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் ஆர்ட்டீசியன் கிணறு தோண்டி நீரைப் பீறிட வைத்திருந்தார்கள். அதுவரை அந்தப் பகுதிக் கிணறுகளில் மூச்சடக்கி முங்கி மணல் அள்ளுவதே தொழிலாக ஒரு கூட்டம் இருந்தது. துளைக்கருவி வந்ததும் அந்தத் தொழிலும் கூடவே அந்தக் கணக்கும் ஒழிந்தன.

அடுத்த காரியம் ஒற்றைப்பயிர். 'தெக்லெத் நூர்' என்று ஒரு ரகம்; நூர் என்றால் ஒளி. வெளிச்சத்தில் பிடித்தால் கொட்டை நிழலாகத் தெரியும். சாப்பிட அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஜெரித் தோப்பில் முன்பு எத்தனையோ ரகங்கள் கலந்து நின்றன. ஒன்று சீக்கிரம் பழுப்பது, ஒன்று காயவைத்து வருஷம் முழுக்க வைப்பது, ஒன்று ஆட்டுக்கும் கழுதைக்கும். மார்ஸேய் துறைமுகத்துக்குத் தேவைப்பட்டது ஒளி மட்டும்தான். பேரீச்சையைக் கொட்டையிலிருந்து வளர்த்தால் ரகம் தங்காது. தாய் மரத்தின் அடியில் வருகிற பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். ஆகவே ஒரு ரகத்தின் எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல். மொராக்கோவில் 'பாயூத்' என்ற வேர்ப்பூஞ்சை நோய் ஒரு நூற்றாண்டுக்குள் அந்நாட்டு மரங்களில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்து, அல்ஜீரியாவுக்குள்ளும் வந்துவிட்டது. தெக்லெத் நூர் அந்த நோய்க்கு எளிதில் பலியாகிற ரகம். இன்று துனிசியத் தோப்புகளில் பெரும்பங்கு இந்த ஒற்றை நகல்தான்.

தோஸரில் பிறந்த ஒருவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாவிட்டால் இந்தப் பக்கங்களின் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அபுல் காசிம் அல் ஷாபி. 1909இல் பிறந்து 1934இல் இருதய நோயில், 25 வயதில் போய்ச் சேர்ந்த கவிஞர். 1929இல் துனிசில் அரபுக் கவிதையின் கற்பனையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தி மரபுவாதிகள் அத்தனை பேரின் வாயிலும் விழுந்தார். உயிரோடு இருந்தபோது கவிதைத் தொகுதி வரவில்லை. 1955இல்தான் கெய்ரோவில் வந்தது. அவர் வரிகள் தேசிய கீதத்தின் முடிவில் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. அரசு ஒரு கவிஞனைப் பாதுகாப்பாக அடக்கம் செய்ய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் 2011 ஜனவரியில் அதே வரிகளை மக்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். மக்கள் விரும்பினால் என்ற அந்தத் தொடக்கம் மற்ற அரபு நாடுகளின் கோஷங்களிலும் கேட்டது. தோஸரில் அவர் சமாதிக்குப் போனேன். சுத்தமாக, அமைதியாக, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் தயாராக இருக்கிறது. அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

இந்தத் தெற்குப் பகுதி திரும்பத் திரும்ப முதலில் எழுந்திருக்கிறது. 1983 டிசம்பர் கடைசியில் ரொட்டி விலையை இரட்டிப்பாக்கியபோது கலகம் தொடங்கியது தூஸில், இந்த ஓயசிஸ் வட்டாரத்தில். தலைநகருக்குப் போய்ச் சேர அதற்குச் சில நாட்கள் ஆயின. 2008இல் தோஸருக்கு வடக்கே ரெதெயெஃப் பாஸ்பேட் சுரங்கப் பகுதி ஆறு மாதம் கொதித்தது. ஆனால் தலைநகரில் நடப்பதே வரலாறு, விளிம்பில் நடப்பது செய்தி.

ஜெம்னா 2011இல் செய்தியாகக்கூட ஆகவில்லை. காலனிய ஆட்சியில் அந்த ஊர்க்காரர்களின் கூட்டு நிலம் ஒரு பிரெஞ்சுக் குடியேறியின் தோட்டமானது. 1964 மே 12இல் புர்கீபா அரசு காலனியர் நிலங்களை எல்லாம் நாட்டுடைமையாக்கியது. ஊர்க்காரர்கள் நிலம் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். அது அரசு நிறுவனத்துக்குப் போனது. 2000களின் தொடக்கத்தில் இரண்டு தனியாருக்கு அடிமாட்டு விலைக்குக் குத்தகைக்குப் போனது. ஆக, காலனியர், அரசு, தனியார் என்று மூன்று உடைமை வடிவங்கள் மாறின. வேலிக்கு வெளியே நின்றவர்கள் மட்டும் மாறவில்லை. 2011 ஜனவரி 12 அன்று, பென் அலி நாட்டை விட்டு ஓடுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஊர் இளைஞர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். சுமார் 185 ஹெக்டேர், ஏறத்தாழ 10,000 மரங்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் யோசிக்க வேண்டியது. பங்கு போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்திருந்தால் அரசுக்கே நிம்மதியாக இருந்திருக்கும். தனிச்சொத்தோடு பேரம் பேச அரசுக்குத் தெரியும். ஜெம்னாக்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, நிலத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அறுவடையை வருஷாவருஷம் ஏலம் விட்டார்கள். அந்தப் பணத்தில் நூறு பேருக்கு மேல் சம்பளம். மிச்சத்தில் பள்ளிக்கூட வகுப்பறைகள், பேரீச்சை விற்கக் கூரை போட்ட சந்தை, ஓர் ஆம்புலன்ஸ், விளையாட்டு மைதானம். 2016இல் அரசு ஏலத்துக்குத் தடை சொன்னது. அக்டோபரில் தடையை மீறி ஏலம் நடந்தது. 17 லட்சம் தினாருக்குப் போனது. உடனே சங்கத்தின் வங்கிக் கணக்கையும் ஏலம் எடுத்த வியாபாரியின் கணக்கையும் முடக்கினார்கள். துப்பாக்கி வரவில்லை, வங்கி வந்தது. புரட்சிக்குப் பிந்திய ஜனநாயக அரசு அது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அரசின் வாதம் இதுதான்: நிலம் அரசுடையது, அதாவது எல்லா மக்களுடையது, ஓர் ஊர் மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஊர்க்காரர்களின் வாதம்: எங்கள் பாட்டன் முப்பாட்டன் நிலம். இந்த இரண்டாவது வாதத்தையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது என்று எனக்குப் படுகிறது. வம்சத்தின் பெயரில் உரிமை கேட்டால், வம்சமே இல்லாமல் அடிமையாக வந்தவனின் பேரன் எந்தப் பாட்டனைக் காட்டுவான்? கெபிலியிலும் தோஸரிலும் கூடங்களில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கும் பெண்களுக்கு எந்த நிலம் பாட்டன் நிலம்? ஜெம்னாவின் பெருமை அது சொன்ன காரணத்தில் இல்லை, செய்த காரியத்தில் இருக்கிறது. 'நாங்கள்' என்பதை ரத்தத்தில் தேடிப் பேசினார்கள். ஆனால் செலவுக் கணக்கை ஊர் நடுவில் ஒட்டிவைத்து அந்த 'நாங்கள்' என்பதை வேறு மாதிரிச் செய்துகாட்டினார்கள். கோட்பாடு பின்தங்கி, நடைமுறை முன்னால் போய்விட்ட தருணம். மார்க்ஸியத் தோழர்களுக்கு இது புதிசாக இருக்கக் கூடாது. ஆனால் அங்கேயும் இடதுசாரிகளில் ஒரு பகுதி 'அரசுச் சொத்து' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு தயங்கியது.

இவ்வளவு சொல்லிவிட்டு நீரைச் சொல்லாமல் விட முடியாது. தோஸரின் ஊற்றுகளும், நெஃப்தாவின் 'கூடை' என்று பேர் பெற்ற பள்ளத்துச் சுனைகளும் கடந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளுக்குள் வற்றிவிட்டன. இப்போது ஓடுவது எல்லாம் ஆழ்துளை நீர். அல்ஜீரியா, துனிசியா, லிபியா மூன்றுக்கும் அடியில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் நீர்ப்படுகைகள். பெரும்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மழை. வருஷத்துக்கு ஊறுவது 100 கோடி கன மீட்டர் அளவு. எடுப்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கெபிலிப் பக்கத்து ஆழக் கிணறுகளில் நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. கோபுரங்களில் ஊற்றி ஆறவைத்துத்தான் வாய்க்காலில் விடுகிறார்கள். ஆவி பறக்கிற அந்தக் கோபுரத்தடியில் நின்றபோது, ஊற்று என்ற சொல்லையும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று தோன்றியது. இது சுரங்கம். பக்கத்தில் பாஸ்பேட்டைத் தோண்டுகிறார்கள், இங்கே தண்ணீரை.

யார் தோண்டுகிறார்கள்? தோஸரில் சுற்றுலா வளாகம் கட்டி நீச்சல்குளம் வைத்த ஹோட்டல்கள். 2015இல் பார்தோ மியூசியத்திலும் சூஸ் கடற்கரையிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு அவற்றில் பல பூட்டிக் கிடந்தன, ஆகவே அவற்றை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. பெரிய வேலை நடப்பது கெபிலி வட்டாரத்தில். பழைய தோப்புகளின் எல்லைக்கு வெளியே அனுமதியில்லாமல் போட்ட புதுத் தோட்டங்கள் அரசுக் கணக்கிலுள்ள தோப்புகளைப் பரப்பில் மிஞ்சிவிட்டன. அவற்றில் கீழடுக்கும் கிடையாது, நடு அடுக்கும் கிடையாது. தெக்லெத் நூர் மட்டும் வரிசை வரிசையாக. சொந்தக்காரர்களில் பெரும் பணக்காரர்களும் உண்டு. பிரான்சில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த காசில் முப்பது மரம் வைத்த ஆட்களும் உண்டு. பொதுக் கிணற்றின் முறைக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்து சலித்த ஒருவர், "என் முறை வர்றதுக்குள்ள வெங்காயம் செத்துப்போகுது. நான் தோண்டாம என்ன செய்ய?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். முறையை நடத்துகிற சங்கத்துக்கு மின்சாரக் கட்டணம் பாக்கி. பாக்கி ஏறினால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் ஆளாளுக்குத் தோண்டுவார்கள். தோண்டத் தோண்டப் பொதுக் கிணறு இறங்கும்.

2021 ஜூலை 25இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தை முடக்கி அதிகாரத்தைக் கையில் எடுத்தார். 2022இல் 'சமுதாயக் கம்பெனிகள்' என்ற பெயரில் ஓர் ஆணை வந்தது. ஓர் ஊர்க்காரர்கள் சேர்ந்து பங்கு போட்டு அரசு நிலங்களை நடத்தலாமாம். கேட்டால் ஜெம்னா மாதிரியே இருக்கிறது. கீழிருந்து எழுந்ததை மேலிருந்து வழங்குவதாக மாற்றுகிற வித்தை அது. வழங்குகிறவன் கையில் கண்காணிப்பும் இருக்கும். 2023 மார்ச்சில் வறட்சி காரணமாகக் குடிநீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தத் தடை போட்டு, இரவில் குழாயை நிறுத்தினார்கள்.

புதுத் தோட்டங்களில் டீசல் பம்புகளுக்குப் பதிலாகச் சூரியத் தகடுகள் வந்துவிட்டன. முன்பெல்லாம் டீசல் விலை ஒரு கடிவாளமாக இருந்தது. காசு தீர்ந்தால் மோட்டாரை நிறுத்துவார்கள். தகட்டுக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும், வெயில் இலவசம். சுற்றுச்சூழல் மாநாடுகளில் கைதட்டு வாங்குகிற அந்தத் தகடுகள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. யாரும் மணி பார்ப்பதில்லை.